கொள்ளைத் திரைப்படங்களும் பார்வையாளருக்கான எச்சரிக்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கொள்ளையை மையமாகக் கொண்ட திரைப்படங்கள் சினிமாவின் தொடக்கக் காலந்தொட்டே மக்களை ஈர்த்து வந்துள்ளன. அவற்றைக் காண வருவோருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை தர வேண்டும் என்னும் எண்ணமோ காலத்தால் பிந்தியது. எடிசன் நிறுவனத்திற்காக எட்வின் எஸ். போர்ட்டர் 1903இல் உருவாக்கிய 'தி கிரேட் டிரெயின் ராபரி' இதற்குத் தக்க சான்றாகும். கொள்ளைத் தலைவன் பார்வையாளரை நோக்கித் துப்பாக்கியால் சுடும் காட்சியைப் படத்தின் தொடக்கத்திலோ இறுதியிலோ விருப்பம்போல் இணைத்துக்கொள்ளலாம் என நிறுவனத்தின் பட்டியல் திரையிடுவோருக்கு அறிவித்தது. அதிர்ச்சி அன்று விற்பனைப் பொருளாகவே விளங்கியது. பின்னாளில் தோன்றிய எச்சரிக்கை யாரைக் காக்க முற்பட்டது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயும் வினாவாகும்.

சமுதாயத்தைக் காத்தல்

அமெரிக்கத் திரைப்படத் துறை 1930இல் ஏற்று, 1934 முதல் கண்டிப்புடன் செயற்படுத்திய தயாரிப்பு நெறிமுறை, திருட்டு, கொள்ளை, இரும்புப்பெட்டி உடைப்பு முதலியவற்றின் செய்முறையை விரித்துக் காட்டலாகாது என விதித்தது. படம் பார்த்தவர் அதனைப் பின்பற்றித் திருடக்கூடும் என்பதே அன்றைய அச்சம். பார்வையாளரின் மனம் புண்படுமா என்பதைவிட, அவரால் பிறருக்குத் தீங்கு நேருமா என்பதே முதன்மை பெற்றது.

ஜூல்ஸ் டாசின் பிரான்சில் இயக்கிய 'ரிஃபிஃபி' (1955) இவ்வச்சத்தை நேரடியாகச் சோதித்தது. உரையாடலோ இசையோ இன்றி ஏறத்தாழ அரைமணி நேரம் நீளும் அதன் நகைக்கடைக் கொள்ளை, செய்முறையைப் படிப்படியாகக் காட்டியது. அமெரிக்காவில் வெளியிடப்பட்டபோது, தீயோரின் வீழ்ச்சியைக் கூறும் விவிலிய வாசகம் ஒன்று அதன் முகப்பில் சேர்க்கப்பட்டது. அவ்வாசகம் அறிவுரையே அன்றி, பார்வையாளர் எதைக் காணப்போகிறார் என்னும் தகவல் அன்று.

பார்வையாளரைக் காத்தல்

1968 நவம்பர் முதல் நாள் அமெரிக்காவில் வயதுவழி வகைப்பாடு நடைமுறைக்கு வந்தது. 'எதைக் காட்டலாம்' என்னும் வினா 'யார் பார்க்கலாம்' என்று மாறியது. ஆயினும் காரணம் கூறப்படவில்லை. 'ஆர்' தரப் படங்களுக்குரிய காரணத்தைச் சுருக்கமாகத் தெரிவிக்கும் வழக்கம் 1990இல்தான் தொடங்கியது.

இவ்விடத்தில் குவென்டின் டரன்டினோவின் 'ரிசர்வாயர் டாக்ஸ்' (1992) நம் கவனத்திற்குரியது. நகைக்கடைக் கொள்ளையைப் பற்றிய இப்படத்தில் கொள்ளை காட்டப்படவே இல்லை. பழைய நெறிமுறை மறைக்கச் சொன்ன கொள்ளைச் செய்முறை இதில் அறவே இல்லை. எனினும் இது கடும் எச்சரிக்கைக்கு உரியதாயிற்று. பிரிட்டனில் 18 வயதினருக்குரிய படமாகத் திரையரங்குகளில் அனுமதிக்கப்பட்ட போதிலும், அதன் வீடியோ 1995இல்தான் சான்றிதழ் பெற்றது. காவலரின் காது அறுக்கப்படும்போது கேமரா விலகிச் செல்கிறது. அலறல் கேட்கிறது. 'வன்முறை' என்னும் ஒரு சொல் இத்தகைய அனுபவத்தை முழுமையாக உணர்த்திவிடாது.

நம் வட்டாரம்

சிங்கப்பூரில் 1991இல் திரைப்பட வகைப்பாடு அறிமுகமாயிற்று. இன்று வயதுக் குறியீட்டுடன் உள்ளடக்கம் பற்றிய குறிப்பும் தரப்படுகிறது. மலேசியாவில் முன்பு வழங்கிய '18எஸ்ஜி' என்னும் குறியீட்டில் 'செராம்', 'கானாஸ்' ஆகிய மலாய்ச் சொற்களின் முதலெழுத்துகள் இடம்பெற்றன; அச்சமும் வன்முறையும் உள்ளன என்பதைக் குறியீடே உணர்த்தியது. 2010இல் இத்தகைய பிரிவுகள் '18' என ஒன்றாக்கப்பட்டபோது வயது எஞ்சியது. காரணம் குறியீட்டிலிருந்து மறைந்தது.

முடிவுரை

சமுதாயத்தைப் பார்வையாளரிடமிருந்து காக்கத் தொடங்கிய முயற்சி, பார்வையாளரைத் திரையிலிருந்து காக்கும் முயற்சியாக மாறியதை மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. வயதெண் தடையை மட்டுமே தெரிவிக்கும். காரணம் தெரிந்தவரே தெரிந்து முடிவெடுக்க இயலும். வகுப்பறையில் திரைப்படத்தைப் பாடப்பொருளாக்கும் ஆசிரியர்கள் குறியீட்டோடு நின்றுவிடாமல், மாணவர் எதைக் காணவும் கேட்கவும் நேரும் என்பதைத் தெளிந்த தமிழில் முன்னரே எடுத்துரைத்தல் வேண்டும். காண விரும்பாத மாணவருக்கு மாற்றுப் பணி தருதலும் அக்கடமையுள் அடங்கும் என்பது நம் கருத்து.