நடிகவேளும் மாந்தீவும்

எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் பகுதிக் கலியாண வீடுகளில் ஒலிபெருக்கி கட்டினால் மூன்று வகைக் கசெட்டுகள் கட்டாயம் ஓடும். முதலில் நாகூர் ஹனிபாவின் பாடல்கள். பிறகு சினிமாப் பாட்டு. இரவுச் சாப்பாடு முடிந்து சட்டிபானை கழுவும் நேரத்தில் 'இரத்தக்கண்ணீர்' கதைவசனம். பாசிக்குடாவிலிருந்து ஓட்டமாவடி வரை அந்தக் கரகரத்த குரலை அறியாத பிள்ளை இல்லை என்றே சொல்லலாம். படத்தைப் பார்த்தவர்கள் சிலர்தான். எம்.ஆர்.ராதா எங்களுக்கு முகமல்ல, குரல்.

1907இல் சென்னையில் பிறந்த ராதா சிறுவயதிலேயே வீட்டைவிட்டு ஓடி நாடகக் கம்பனியில் சேர்ந்தவர். 1937இல் சினிமாவுக்குப் போய், பின்னர் மேடைக்கே திரும்பினார். எழுதிக்கொடுத்த வசனத்தோடு அவர் நிற்பதில்லை. அன்றைய பத்திரிகைச் செய்தியை மேடையிலேயே எடுத்துப் பேசுவார், காசு கொடுத்து வந்து முன்வரிசையில் இருப்பவர்களையே கிண்டல் செய்வார். இன்று ஒருவர் தனியாக ஒலிவாங்கியைப் பிடித்து நின்று சிரிக்கவைப்பதை 'ஸ்டேண்ட்-அப் கொமடி' என்கிறார்கள். அந்த வேலையை ராதா நாடகத்துக்குள்ளேயே, வேடத்தோடு செய்தார். 1967 ஜனவரி 12இல் எம்.ஜி.ஆரின் வீட்டில் நடந்த துப்பாக்கிச் சூடு பற்றி வேண்டிய மட்டும் எழுதியாகிவிட்டது. இங்கு அது வேண்டாம்.

அவர் பெரியாரின் ஆள், நாத்திகர். 1954இல் இராமாயணத்தைக் கேலிசெய்யும் நாடகத்தை அரங்கேற்றினார். மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வரவேண்டாம் என்று முன்கூட்டியே விளம்பரமும் செய்தார். தடைகளும் கைதுகளும் தொடர்ந்தன. அதே ஆண்டு சென்னை மாகாணத்தில் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. நாடகப் பிரதியைக் கேட்டுவாங்கவும், ஆட்சேபத்துக்குரியது என்று கருதினால் தடைசெய்யவும் அது அதிகாரிகளுக்கு இடமளித்தது. ராதாவைக் குறிவைத்தே அது கொண்டுவரப்பட்டது என்பது பரவலான கருத்து. ராதா 1979இல் காலமானார். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் அச்சட்டத்தின் முக்கிய பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதவையாக்கியது 2013இல். ஒரு மனிதனின் வாயை மூட ஆக்கிய சட்டம் அவன் இறந்து 33 வருடங்கள் உயிரோடிருந்திருக்கிறது.

ஐந்து நேரமும் தொழுத எங்கள் பெரியவர்கள் இந்த நாத்திகரை எப்படி இரசித்தார்கள்? இதை வாப்பாவிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அவன் ஏசுறது அவங்கட சாமியத்தானே மகன்" என்றார். அடி விழுவது அயல் வீட்டுக் கூரையில் என்றால் சத்தம் நமக்கு இசையாகத்தான் கேட்கும். கடவுளே இல்லை என்றவர் நமது நம்பிக்கைக்கு மட்டும் விலக்களித்திருப்பாரா என்று நாங்கள் யோசிக்கவில்லை.

2023இல் இக்கேள்வி வேறு உருவில் வந்தது. நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றில் பேசியது பௌத்தர்களின் மனதைப் புண்படுத்தியது என்று நதாஷா எதிரிசூரிய மே மாதம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில் பிணை வழங்கும் அதிகாரம் மேல்நீதிமன்றத்துக்கே உண்டு. ஜூலையில்தான் வெளியே வந்தார். "வேணும், நல்லா வேணும்" என்று சொன்னவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலும் இருந்தார்கள். 2019இல் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணைச் சிறைக்கு அனுப்பியதும் இதே சட்டம். அவர் உடையில் இருந்தது கப்பற் சுக்கான் படம், பொலிஸார் கண்டது தர்மச்சக்கரம். 2020இல் பேனாவால் சிந்தனைப் போர் செய்வோம் என்று முகநூலில் எழுதிய றம்ஸி ராசிக்கை ஐந்து மாதம் உள்ளே வைத்ததிலும் இதே சட்டம் பயன்பட்டது. அப்போது நமக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். நதாஷாவின் பேச்சு எனக்கு உவப்பானதல்ல, ஆனால் அந்தக் கோபம் 2023இல் எங்கே போயிருந்தது?

இவ்வளவும் ராதாவின் பக்கம் நின்று எழுதியவை. இனி அவரோடு எனக்குள்ள வழக்கு.

'இரத்தக்கண்ணீர்' திருவாரூர் தங்கராசு எழுதியது. மேடையில் பலகாலம் ஓடி, 1954இல் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமானது. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மோகனசுந்தரம் தாயையும் மனைவியையும் உதைத்துத் தள்ளி, காந்தா என்ற தாசியிடம் போய், குட்டரோகியாகித் தெருவுக்கு வருகிறான். தன் உருவத்துக்குச் சிலை வைத்து ஊருக்குப் பாடமாக்கச் சொல்கிறான். வினைப்பயன் இல்லை என்று ஊரூராய்ப் பேசியவரின் புகழ்பெற்ற நாடகம் முழுக்க வினைப்பயனிலேயே நிற்கிறது. நரகத்தை மறுத்தவர் தண்டனையைத் தோலில் எழுதினார். தொழுநோய் கிருமியால் வருவது. நோர்வே மருத்துவர் ஹன்சன் அக்கிருமியைக் கண்டது 1873இல். ஒழுக்கக்கேட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நோய் பாவத்தின் கூலி என்றால், உடல் முழுக்க நோயோடு பொறுமைகாத்த ஐயூப் நபியை நாம் எந்தக் கணக்கில் வைப்பது? நாத்திகரும் தொழுகையாளிகளும் ஒரே மூடநம்பிக்கையில் சேர்ந்து சிரித்திருக்கிறோம்.

வேறு ஊர்களுக்கு இது வெறும் கதையாக இருக்கலாம். மட்டக்களப்பு வாவிக்கு நடுவில் மாந்தீவு இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து தொழுநோயாளரை ஒதுக்கிவைத்த தீவு. "மாந்தீவுக்கு அனுப்பிடுவாங்க" என்பது பிள்ளைகளை வெருட்டும் பேச்சாகவே இருந்தது. கூட்டுமருந்துச் சிகிச்சை 1980களில் வந்தபின் நோய் முற்றாகக் குணமாகிறது, யாரையும் தீவுக்கு அனுப்பவேண்டியதில்லை. ஆனால் எங்கள் மாவட்டத்தில் புதிய நோயாளர் இன்னும் இனங்காணப்படுகிறார்கள். தேமலை மறைத்துக்கொண்டு பிந்தி வருகிறவர்களுக்குத்தான் விரல் போகிறது. அவர்கள் மறைப்பது கிருமிக்குப் பயந்தல்ல, காந்தா கதைக்குப் பயந்து.

எங்கள் ஊரில் மாந்தீவிலிருந்து சுகமாகித் திரும்பிய ஒருவர் இருந்தார். நாலைந்து விரல்கள் மடங்கியிருக்கும், சந்தையில் கருவாடு விற்பார். பள்ளி விட்டு வரும்போது நாங்கள் பின்னால் நின்று அந்தக் கரகரத்த குரலில் காந்தாவைக் கூப்பிடுவோம். எனக்கு அந்தக் குரல் நன்றாக வரும், அதனால் நான்தான் முன்னுக்கு நிற்பேன். ஒருநாள் அவர் திரும்பினார். கல்லெடுப்பார் என்று நினைத்தோம்.

"அப்படி இல்ல தம்பி, தொண்டைக்குள்ளால வரணும்" என்று சொல்லி, முழு வசனத்தையும் ராதாவைப் போலவே பேசிக் காட்டிவிட்டு, கருவாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.