சுவிசேஷம்

‘சு’ என்றால் நல்ல. ‘விசேஷம்’ வடமொழியில் சிறப்பு. ஆனால் ‘ஊரில் என்ன விசேஷம்?’ என்று கேட்பவருக்கு வேண்டியது சேதி. மலையாளத்தில் இப்பொருள் இன்னும் அழுத்தம். ஆகவே கிரேக்க ‘யூஅங்கேலியோன்’ என்பதற்கு இது கச்சிதமான ஈடு. ஹோமரில் அச்சொல் நற்சேதி கொண்டுவந்தவனுக்குத் தரும் பரிசு; பிறகு சேதியையே குறித்தது. கி.மு. 9-ஆம் ஆண்டின் பிரியேனே கல்வெட்டு அகஸ்து பேரரசரின் பிறப்பையொட்டி இச்சொல்லைப் பயன்படுத்துகிறது. அதையே சிலுவையில் அறையப்பட்டவருக்குப் பவுல் சூட்டியது துணிச்சல்தான். கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்: 1 கொரிந்தியர் 15-இல் பவுல் தரும் சுவிசேஷம் இதுவே. இன்றைய சுவிசேஷ சபையார் வேதத்தின் அதிகாரத்தையும் மறுபடியும் பிறத்தலையும் இதனுடன் சேர்த்தே வலியுறுத்துவர். கத்தோலிக்கர் வழக்கில் இது ‘நற்செய்தி’.