மலைப் பனியூர்தி: பழைய வண்டியும் புதிய வண்டியும்

ஸ்னோமொபைல் எனப்படும் பனியூர்தி, முன்புறம் இரண்டு சறுக்குக் கட்டைகளும் பின்புறம் சுழலும் ரப்பர்ப் பட்டையும் கொண்டு பனியின் மேல் ஓடும் இயந்திர வண்டியாகும். நம் நாட்டில் இது குல்மார்க்கில் சுற்றுலாப் பயணிகளுக்கும், சியாச்சினில் இராணுவத்தினருக்கும் 'ஸ்னோ ஸ்கூட்டர்' என்ற பெயரில் பழக்கமானது. இதன் தனி வகையே மலைப் பனியூர்தி. சீர்செய்யப்பட்ட பாதையில் ஓடாமல், இடுப்பளவு புதுப்பனி கிடக்கும் செங்குத்துச் சரிவுகளில் ஏறி இறங்குவதற்காகவே இது உருவாக்கப்படுகிறது. வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரும் அதனையடுத்த மலைகளும் இதன் முதன்மைக் களம். கனடாவின் ரெவல்ஸ்டோக், அமெரிக்காவின் குக் சிட்டி போன்ற ஊர்கள் இவ்வண்டியோட்டத்துக்குப் பெயர் பெற்றவை.

எந்த இயந்திரத்தைப் பற்றிப் பேசினாலும் "பழைய வண்டிதான் உறுதி" என்பார் ஒருவர். "புதியதை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசு" என்பார் மற்றொருவர். மலைப் பனியூர்தி உலகிலும் இந்த வாதம் ஓயாமல் நடக்கிறது. கையாளும் எளிமை, பழுதின்றி ஓடும் நம்பகத்தன்மை என்ற இரு அளவுகோல்களைக் கொண்டு இதன் வரலாற்றை இக்கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

தோற்றம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சேனர் என்னும் ஊரைச் சேர்ந்த கார்ல் எலியாசன், 1924இல் மோட்டார் பொருத்திய பனிச்சறுக்குப் பலகை ஒன்றைச் செய்து, 1927இல் காப்புரிமை பெற்றார். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கோர் என்னும் ஊரில் இயந்திரப் பட்டறை வைத்திருந்தவர் ஜோசப் அர்மான் பொம்பார்டியே. 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய சிறு மகன் வயிற்றழற்சியால் துடித்தபோது, சாலைகளைப் பனி மூடியிருந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல முடியவில்லை. குழந்தை இறந்தது. பனியில் ஓடும் வண்டிக்கான ஆய்வில் முன்பே ஈடுபட்டிருந்த பொம்பார்டியே, பற்சக்கரமும் பட்டையும் இணைந்த தம் அமைப்புக்கு 1937இல் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரக்கூடிய அவருடைய பி-7 வண்டிகள் கியூபெக் கிராமங்களில் மருத்துவர்களுக்கும் அஞ்சல்காரர்களுக்கும் பயன்பட்டன.

ஓரிருவர் செல்லும் சிறுவண்டியான ஸ்கீ-டூ 1959இல் வெளிவந்தது. அதற்கு 'ஸ்கீ-டாக்' என்று பெயரிட எண்ணியிருந்ததாகவும், அச்சுப்பிழையால் பெயர் மாறியதாகவும் சொல்வர். அதன் இயந்திரத் திறன் 7 குதிரைத்திறன் அளவே. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோசோ ஊரிலிருந்து போலாரிஸ் நிறுவனம் 1956இல் தன் முதல் பனியூர்தியைச் செய்திருந்தது. அங்கிருந்து விலகிய எட்கர் ஹெட்டீன் தொடங்கிய நிறுவனமே பின்னர் ஆர்க்டிக் கேட் ஆனது. ஜப்பானின் யமஹா 1968இல் இத்துறைக்குள் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ரால்ஃப் பிளேஸ்டெட் குழுவினர் ஸ்கீ-டூ வண்டிகளில் வட துருவத்தை அடைந்தனர். 1970களின் தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பனியூர்தி செய்தன. பின்னர் எஞ்சி நிலைத்தவை ஸ்கீ-டூ, போலாரிஸ், ஆர்க்டிக் கேட், யமஹா ஆகிய நான்கே.

இவை யாவும் தட்டையான வயல்களுக்கும் உறைந்த ஏரிகளுக்கும் காட்டுப் பாதைகளுக்கும் உரிய வண்டிகள். மலைக்கென்று தனி வண்டி தொழிற்சாலையிலிருந்து வருவதற்கு 1990கள் ஆயின. அதுவரை மலைவாசிகள் தங்கள் வண்டிகளைத் தாங்களே வெட்டி ஒட்டி, நீளமான பட்டை பொருத்தி ஓட்டினார்கள். ஸ்கீ-டூவின் சம்மிட், போலாரிஸின் ஆர்எம்கே ஆகிய வரிசைகள் அந்தத் தேவைக்காக வந்தவையே.

பட்டை: மூழ்காமல் இருப்பது எப்படி?

சேற்று வயலில் டிராக்டரின் சாதாரணச் சக்கரம் புதைந்துவிடும் என்பதால் கூண்டுச் சக்கரம் மாட்டி உழுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆழ்பனியிலும் இதே சிக்கல்தான். எடையைப் பரந்த இடத்தில் பரப்ப வேண்டும். பனியைப் பின்னுக்குத் தள்ளப் பற்களும் வேண்டும்.

1990களின் மலை வண்டிகளில் பட்டையின் நீளம் பொதுவாக 136 அங்குல அளவில் இருந்தது. பட்டையின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்ப் பற்கள் ஒன்றரை அங்குலம் இருந்தால் அது பெரிய பல். இன்று 154 முதல் 165 அங்குலம் வரையான நீளம் இயல்பாகிவிட்டது. 175 அங்குலமும் உண்டு. பற்கள் இரண்டரை அல்லது மூன்று அங்குல உயரம். பழைய வண்டி பனியைத் தோண்டிக்கொண்டு கீழே இறங்கி நின்றுவிடும் இடத்தில், புதிய வண்டி மேலே மிதந்து நகர்கிறது. பழைய வண்டியோடு மலைக்குச் சென்றவர்கள் நாளின் பெரும்பகுதியை மண்வெட்டியோடு கழித்ததற்கு இதுவே காரணம்.

கையாளுமை: சாயாத வண்டியும் சாயும் வண்டியும்

பழைய பனியூர்தியில் ஓட்டுநர் பின்தள்ளி, மோட்டார் சைக்கிளில் சாய்ந்து உட்காருவதுபோல அமர்ந்திருப்பார். சறுக்குக் கட்டைகளுக்கு இடையிலான அகலம் 40 அங்குலத்துக்கு மேல் இருக்கும். சமதளப் பாதையில் வளைவில் கவிழாமல் இருக்க இந்த அகலம் உதவியது. ஆனால் மலையில் இதே குணம் குறையாக மாறியது.

ஆழ்பனியில் சறுக்குக் கட்டையைத் திருப்பினால் மட்டும் வண்டி திரும்பாது. ஓட்டுநர் எழுந்து நின்று, தன் எடையால் வண்டியை ஒரு பக்கம் சாய்த்து, பட்டையின் விளிம்பு பனியைக் கீறும்படி செய்ய வேண்டும். ஹேண்டில்பாரைச் சாயும் பக்கத்துக்கு எதிராகத் திருப்பினால் வண்டி இன்னும் எளிதாகச் சாயும். சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது மலைமேட்டுப் பக்கம் வண்டியைச் சாய்த்துப் பிடித்தே ஆக வேண்டும்; இல்லையெனில் அது பள்ளத்தை நோக்கி உருண்டுவிடும். சாய மறுக்கும் அகலமான, கனமான பழைய வண்டியில் இதற்கு உடல் வலிமை பெரிதும் தேவைப்பட்டது.

பெரிய திருப்பம் ஸ்கீ-டூவின் 2003ஆம் ஆண்டு 'ரெவ்' சட்டகத்தால் வந்தது. ஓட்டுநரை முன்னால் நகர்த்தி, வண்டியின் நடுப்பகுதிக்கு அருகில் அமர வைத்தது அது. எழுந்து நிற்பதும் எடையை இருபுறமும் மாற்றுவதும் எளிதாயின. அடுத்த ஆண்டே இந்தச் சட்டகம் சம்மிட் மலை வண்டிக்கும் வந்தது. பிற நிறுவனங்களும் காலப்போக்கில் அதே திசையில் சென்றன. போலாரிஸ் 2011இல் கொண்டுவந்த ப்ரோ-ஆர்எம்கே, எரிபொருள் நிரப்பாத நிலையில் 431 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 195 கிலோ மட்டுமே என அறிவிக்கப்பட்டது. 2013இல் ஸ்கீ-டூ, பின்புறப் பட்டை அமைப்பே சற்றுச் சாய்ந்துகொடுக்கும் வடிவமைப்பை அறிமுகப்படுத்தியது. ஆர்க்டிக் கேட் 2019இல் பட்டையை இரண்டுக்குப் பதிலாக ஒரே தண்டவாளத்தில் தாங்கும் முறையைக் கொண்டுவந்தது. சறுக்குக் கட்டைகளின் அகலம் 36 அங்குல அளவுக்குக் குறுகியது.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மாற்றங்கள் எல்லாம் வண்டியை 'நிலையற்றதாக' ஆக்கும் மாற்றங்களே. பழைய பொறியாளர் எதைத் தவிர்க்க முயன்றாரோ, அதையே புதிய பொறியாளர் வேண்டுமென்றே வரவழைத்தார். நல்ல கையாளுமை என்பது வண்டி ஓடும் நிலத்தைப் பொறுத்தது. இன்றைய மலை வண்டியை இறுகிய பாதையில் வேகமாக ஓட்டினால், பழைய வண்டியைவிட அது அதிகம் தடுமாறவே செய்யும்.

நம்பகத்தன்மை: உயரமும் இயந்திரமும்

உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சாதாரண இயந்திரம் ஏறக்குறைய 3 விழுக்காடு திறனை இழக்கும். 10,000 அடி உயரத்தில் திறனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரங்களில் கார்புரேட்டர் இருந்தது. அது காற்றின் அடர்த்தியை அறியாது. மலைமேல் போனால் எரிபொருள் மிகுந்து, ஸ்பார்க் பிளக் கரிபிடித்து, இயந்திரம் திணறும். எனவே ஓட்டுநர் கார்புரேட்டரின் 'ஜெட்' எனும் சிறு துளைத் திருகைக் கழற்றிச் சிறியதாக மாற்றுவார். அதை மறந்து அதே ஜெட்டோடு பள்ளத்தாக்குக்கு இறங்கினால் நிலைமை தலைகீழாகும். அடர்ந்த குளிர்காற்றில் எரிபொருள் போதாமல் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். பழைய வண்டிகளின் இயந்திரங்கள் சிதைந்ததில் இந்தக் கவனக்குறைவுக்குப் பெரும் பங்கு உண்டு.

புதிய வண்டிகளில் உணரிகள் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து, கணினி எரிபொருளைத் தருகிறது. எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் ஸ்கீ-டூவின் இ-டெக் முறை 2009இல் வந்தது. இதனால் பெட்ரோல், ஆயில் செலவும் புகையும் குறைந்தன. 2020ஆம் ஆண்டு மாடலில் அந்நிறுவனம் டர்போ பொருத்திய இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரத்தைத் தொழிற்சாலையிலிருந்தே தந்தது. 8,000 அடி உயரம் வரை 165 குதிரைத்திறன் குறையாது என்று அது அறிவித்தது. ஜெட் மாற்றும் வேலை வரலாறாகிவிட்டது.

ஆனால் கணக்கில் மறுபக்கமும் உண்டு. பழைய வண்டி மலையில் நின்றுவிட்டால் நான்கு ஸ்பேனர்களும் ஒரு புதிய பிளக்கும் பலமுறை போதுமாயிருந்தன. புதிய வண்டியில் ஓர் உணரியோ ஒயரோ கெட்டால் பணிமனைக் கணினியோடு இணைத்தால்தான் நோய் தெரியும். எடை குறைக்க மெல்லிய அலுமினியம் பயன்படுத்தப்படுவதால் மரத்திலோ பாறையிலோ மோதினால் சட்டகம் எளிதில் வளைகிறது. நீரால் குளிரூட்டப்படும் இயந்திரம், பட்டை வாரியிறைக்கும் பனியால்தான் குளிர்கிறது. பனியில்லாத உறைபாதையில் நெடுநேரம் ஓடினால் அது சூடேறும். நீண்ட பட்டையையும் மிகுந்த திறனையும் தாங்க வேண்டிய டிரைவ் பெல்ட், பழையதிலும் புதியதிலும் அறுந்துபோகும் உறுப்பாகவே இருக்கிறது. இன்றும் மலைக்குப் போகிறவர்கள் மாற்றுப் பெல்ட் இல்லாமல் புறப்படுவதில்லை.

யமஹாவின் கதை இங்கே பாடமாக அமைகிறது. அந்நிறுவனம் 2003ஆம் ஆண்டு மாடலாக ஆர்எக்ஸ்-1 என்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டியைத் தந்தது. யமஹாவின் நான்கு ஸ்ட்ரோக் இயந்திரங்கள் நெடுங்காலம் உழைப்பவை எனப் பெயர் பெற்றன. ஆனால் எடை அதிகம். புதைந்த வண்டியைத் தனியே தூக்கி எடுக்க வேண்டிய ஆழ்பனியில் அந்த எடையே எதிரியானது. மலையோட்டிகளில் பெரும்பாலோர் இலகுவான இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளிலேயே நின்றார்கள். 2025ஆம் ஆண்டு மாடலோடு பனியூர்தித் தொழிலிலிருந்து விலகுவதாக யமஹா 2023இல் அறிவித்தது. பழுதாகாமை ஒன்றே மலையில் ஒரு வண்டியை வெல்ல வைக்காது என்பதை இது காட்டுகிறது.

ஆபத்து இடம் மாறிய கதை

பழைய வண்டியில் சென்றவரின் அச்சம், வண்டி நின்று குளிரில் தனித்து மாட்டிக்கொள்வது. அதற்கேற்ப அவர் கூட்டமாகச் சென்றார், கருவிகள் எடுத்தார், தொலைவுக்குப் போகத் தயங்கினார். வண்டியின் இயலாமையே அவருக்கு ஒரு வேலியாக இருந்தது. புதிய வண்டி அந்த வேலியைப் பிடுங்கிவிட்டது. முன்பு தேர்ந்த சிலரே எட்டிய உச்சிச் சரிவுகளை, ஓரிரு பருவங்கள் பழகியவர்களும் எட்டுகிறார்கள். பனிச்சரிவு நிகழ்வதும் அந்தச் சரிவுகளில்தான்.

2008 டிசம்பர் 28 அன்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபெர்னி அருகே 11 பேர் கொண்ட பனியூர்திக் குழு பனிச்சரிவில் சிக்கியது. முதலில் புதைந்தவர்களைத் தோண்டிக்கொண்டிருந்த நண்பர்கள் மீது அடுத்த சரிவும் விழுந்தது. ஸ்பார்வுட் என்ற சிற்றூரைச் சேர்ந்த எட்டுப் பேர் மாண்டனர். 2010 மார்ச் 13 அன்று ரெவல்ஸ்டோக் அருகே போல்டர் மலையில், யார் வண்டி உயரமாக ஏறுகிறது என்று பார்க்கக் கூடியிருந்த கூட்டத்தின் மீது பனிச்சரிவு இறங்கியது. இருவர் இறந்தனர், ஏறத்தாழ முப்பது பேர் காயமடைந்தனர். அமெரிக்காவிலும் 1990களுக்குப் பின் பனிச்சரிவில் இறப்போரில் பனியூர்தி ஓட்டுநர்கள் பெரும்பங்கினராயினர்.

இதற்கு வண்டியைக் குற்றம் சொல்வது சரியாகாது. இந்நிகழ்வுகளுக்குப் பின் பனிச்சரிவுப் பயிற்சி வகுப்புகளுக்கு ஓட்டுநர்களிடம் வரவேற்பு கூடியது. புதைந்தவரைக் கண்டறியும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வெட்டி ஆகிய மூன்றும் ஒவ்வொருவர் உடம்பிலும் இருக்க வேண்டும் என்பது இன்று அடிப்படை விதி. காற்றுப்பை கொண்ட முதுகுப்பையையும் பலர் அணிகிறார்கள். சரிவை ஒருவர் கடக்கும்போது மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதும் பயிற்சியின் முதல் பாடங்களில் ஒன்று.

மதிப்பீடு

கையாளுமையில் புதிய வண்டியே மேல் என்பதில் ஐயமில்லை. நம்பகத்தன்மையில் விடை அவ்வளவு நேரானதன்று. புதிய வண்டி பழுதாவது குறைவு. பழுதானால் மலையிலேயே சரிசெய்வது அரிது. பழைய வண்டி அடிக்கடி நிற்கும். ஆனால் ஓட்டுநரே அதைத் திரும்ப ஓடச் செய்யலாம். பராமரிப்பும் உதிரிபாகங்களும் கிடைக்கும்வரை பழைய வண்டி இன்றும் பாதைகளிலும் சிறு மேடுகளிலும் பயன்தரும். உயர்ந்த சரிவுகளுக்குப் புதிய வண்டியே ஏற்றது. ஆனால் அதில் செல்பவர் ஸ்பேனரோடு பனியின் இயல்பைப் பற்றிய அறிவையும் எடுத்துச் செல்ல வேண்டும். அன்று பிஸ்டன் இறுகுவதை முன்கூட்டி அறியப் பழகியதுபோல, இன்று சரிவு எப்போது அறுந்து விழும் என்பதை அறியப் பழக வேண்டியிருக்கிறது.