கரும்பு ரகங்களும் காப்புரிமையும்

மரபுவழிக் கலப்பினத்தில் பிறந்த பயிர் ரகத்துக்குக் காப்புரிமை இல்லை என்பது இந்தியச் சட்டத்தின் நிலை. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2002இல் சேர்ந்த 3(ஜே) பிரிவு, விதை, ரகம், இனம் உட்படத் தாவரங்களைக் ‘கண்டுபிடிப்பு’ என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. மாறாக, 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைகள் சட்டத்தின் கீழ் ரகத்தைப் பதிவு செய்து உரிமை பெறலாம். இந்த ஏற்பாடு போதுமா என்று உரசிப் பார்க்கக் கரும்பு நல்ல பயிர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகள் அரைக்கும் கரும்பு எல்லாமே மனிதர் கைபட்டு உருவான கலப்பினம்தான்.

கோயம்புத்தூரில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் தாவரவியலாளர் பார்பர், வெள்ளைக் கரும்பையும் காட்டு நாணலையும் கலந்தார். அதில் கிடைத்த கோ 205 ரகம் 1918இல் வெளியானது. பின்னால் புகழ்பெற்ற கோ 419, ஜாவாவின் பி.ஓ.ஜே 2878க்கும் கோயம்புத்தூரின் கோ 290க்கும் பிறந்தது. தமிழகத்தில் நெடுங்காலம் கோலோச்சிய கோ 86032இன் பெற்றோர் கோ 62198, கோசி 671. பின்னது கடலூர் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம். ஒவ்வொரு நல்ல ரகமும் இப்படி முந்தைய ரகத்தின் தோளில் ஏறி நிற்கிறது. இந்தப் பெற்றோரில் ஒன்றுக்குக் காப்புரிமை இருந்து, உரிமையாளர் மறுத்திருந்தால், அடுத்த தலைமுறை அங்கேயே நின்றிருக்கும். ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவோ, பதிவான ரகத்தை வைத்து வேறு ரகம் உருவாக்க ஆராய்ச்சியாளருக்கு வெளிப்படையாகவே வழிவிடுகிறது.

காப்புரிமை என்பது ஒரு கொடுக்கல் வாங்கல். செய்முறையை முழுதாகச் சொல்லிவிடு, குறிப்பிட்ட காலம் நீ மட்டும் ஆண்டுகொள் என்கிறது அரசு. கரும்பில் இந்த ஒப்பந்தத்தின் முதல் பாதியே நிறைவேறாது. அதன் குரோமோசோம் அமைப்பு அவ்வளவு சிக்கலானது. அதே இரு பெற்றோரை மறுபடி கலந்தாலும் கோ 86032 மறுபடி பிறக்காது, விதைக்கு ஒரு குணமாக நாற்றுகள் வரும். எழுதி விளக்க முடியாவிட்டால் மாதிரியை ஒப்படைத்தால் போதாதா என்று கேட்பார்கள். ஒப்படைக்கலாம், ஆனால் அப்போது கைமாறுவது பொருள், அறிவு அல்ல. பொருளை அடையாளம் கண்டு பதிவதற்குத்தான் தனித்தன்மை, ஒருசீர்மை, நிலைத்தன்மை என்ற மூன்று சோதனைகளோடு ரகப் பதிவு இருக்கிறது.

இதைவிடக் கனமான சிக்கல் வயலில் இருக்கிறது. ஆலைக்கு வெட்டும் தண்டும் நடவுக்கு வெட்டும் கரணையும் ஒன்றே. பருவோடு நறுக்கிய துண்டைப் பாரில் பதித்தால் அதே ரகம் முளைக்கும். வெட்டிய தூரிலிருந்து மறுதாம்பும் வரும். அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுத் தாவரக் காப்புரிமைச் சட்டம்கூட உருளைக்கிழங்கு போன்ற கிழங்குப் பயிர்களை விலக்கியது. உண்பதும் நடுவதும் ஒன்றாக இருப்பதே அங்கே காரணம். ஆனால் அதே நாட்டின் உச்ச நீதிமன்றம், காப்புரிமை பெற்ற சோயா விதையை மறுபடி விதைப்பது அதைப் புதிதாக ‘உற்பத்தி’ செய்வதாகும் என்று 2013இல் தீர்ப்பளித்தது. அது மரபணு மாற்றிய விதை என்றாலும், தர்க்கத்தைக் கரும்புக்குப் பொருத்தினால் பக்கத்து வயலுக்குக் கரணை கொடுப்பவர் குற்றவாளி. நம் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவோ, பிராண்டு பெயரிட்ட விதையாக விற்காதவரை, சேமிக்கவும் நடவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது.

எதிர்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கோ 86032 எண் பெற்றது 1986இல், சாகுபடிக்கு வந்தது 2000இல். இத்தனை ஆண்டு உழைப்புக்குப் பலன் உறுதியில்லை என்றால் தனியார் ஏன் முதலிட வேண்டும்? இங்கே கரும்பு ஆராய்ச்சி பெரும்பாலும் அரசின் தலையிலேயே விழுந்திருப்பதும், ஒரே ரகம் பரப்பை ஆக்கிரமித்ததும் அந்தக் கேள்விக்கு வலுச் சேர்க்கின்றன. ஆனாலும் பதிவு பெற்றவர் வெறுங்கையோடு நிற்பதில்லை. வயல் பயிருக்கு 15 ஆண்டு, மரத்துக்கும் கொடிக்கும் 18 ஆண்டு வணிக உரிமை உண்டு. குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள்மீது 2019இல் வழக்குத் தொடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்ற பெப்சிகோவின் எஃப்.எல் 2027 ரகப் பதிவை, பயிர் ரகங்கள் பாதுகாப்பு ஆணையம் 2021இல் ரத்து செய்தது. டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு 2024 ஜனவரியில் அந்த ரத்தையே நீக்கியது. கம்பெனிக்கும் இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறது. ரகங்கள் போதவில்லை என்றால் ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பணம் ஒதுக்குவதே மருந்து. பெற்றோர் ரகத்தைப் பூட்டிவைத்தால் ரகங்கள் இன்னும் குறையும்.

உலகமும் ஒரே பக்கம் சாயவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் மரபுவழி ரகங்களுக்கும் முழுக் காப்புரிமை செல்லும் என்றது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் விரிவான மேல்முறையீட்டு மன்றம், தக்காளி, ப்ரோக்கோலி வழக்குகளில் முன்பு தந்த அனுமதியிலிருந்து பின்வாங்கி, கலப்பும் தேர்வும் மட்டுமே தந்த தாவரத்துக்குக் காப்புரிமை இல்லை என்று 2020 மே மாதம் அறிவித்தது. இந்தியச் சட்டம் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது: கல்வராயன் மலை மக்கள் வழிவழியாகக் காத்துவரும் சாமை போன்ற பயிர்களின் ரகங்களை ‘உழவர் ரகம்’ என்று அவர்கள் பெயரிலேயே பதியலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.