தராசில் உட்கார்ந்த குழந்தை

போடிநாயக்கனூரில் பொழுது விடிவதே ஜீப் சத்தத்தில்தான். ஒவ்வொரு ஜீப்பிலும் நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள், மடியில் தூக்குவாளி. பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டினால் கேரளத்து ஏலத் தோட்டங்கள். ஏலக்காய் ஒன்றும் மரத்தில் தொங்குகிற சமாச்சாரம் இல்லை. செடியின் காலடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றாது. குனிந்து, தூரைத் தடவிப் பார்த்து, முற்றியதை மட்டும் எடுக்க வேண்டும். விடியும் முன் மலையேறினால், வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும்.

அதுவரை வீட்டில் இருக்கும் ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு யார் சோறு ஊட்டுவது? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லையென்றால் ஏழு வயசு அக்கா.

'பாவம்தான்...' என்று உச்சுக்கொட்டிவிட்டு நீங்கள் அடுத்த பக்கம் புரட்டிவிடலாம். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பிள்ளைக்கு நாற்பத்தைந்து வயதில் சுகர் வருமா, மாரடைப்பு வருமா என்கிற கணக்கின் ஒரு பகுதி, அந்தக் கிண்ணச் சோற்றில்தான் எழுதப்படுகிறது!

தமிழ்நாட்டில் பிள்ளைகளின் பசியைப் பற்றிப் பேசினால் நமக்கு உடனே இரண்டு பேர் ஞாபகத்துக்கு வருவார்கள். 1956-ல் மதிய உணவைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோன காமராஜர். 1982 ஜூலை 1-ல் சத்துணவைத் தொடங்கிவைத்த எம்.ஜி.ஆர். இரண்டுமே பெரிய காரியங்கள்தான், சந்தேகமில்லை. ஆனால், மதிய உணவு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு. சத்துணவோ இரண்டு வயது நிரம்பிய பிள்ளைக்கு. தாய்ப்பால் மட்டும் போதாமல் போகிற ஆறாவது மாதத்திலிருந்து இரண்டு வயது வரை? அந்த இடைவெளியில்தான் குழந்தை வதங்கிப்போகிறது. அதன் வயிறோ உள்ளங்கை அளவு. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். பானையில் சோறு இருந்தும், ஊட்ட ஆள் இல்லாமல் மெலிந்த குழந்தைகள் உண்டு.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு திட்டம் வந்தது. பலருக்கு அதன் பெயரே தெரியாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். உலக வங்கிக் கடனில், 1980-ல், மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஆரம்பித்தார்கள். அன்றைய மதுரை மாவட்டம் ரொம்பப் பெரிசு. இன்றைய திண்டுக்கல், தேனி எல்லாமே அதற்குள்தான். நம்ம போடியும் அதே மாவட்டம்தான்.

திட்டம் எளிமையானது. அதே ஊரில் வசிக்கும் ஒரு பெண்ணை ஊழியராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை அவர் மாதாமாதம் எடை போடுவார். அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு. கோடு மேலே ஏறினால் சரி. படுத்துவிட்டால் ஆபத்து. அப்படிப்பட்ட பிள்ளைக்கு மட்டும் தினமும் சத்து உருண்டை, மூன்று மாதத்துக்கு. எடை கூடியதும் உருண்டை நிற்கும். அதற்குள், என்ன கொடுக்கணும், எத்தனை தடவை கொடுக்கணும் என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

எல்லோருக்கும் அள்ளிக் கொடுக்கவில்லை. யாருக்குத் தேவையோ அவருக்கு, தேவையான நாள் மட்டும். அதுதான் இதில் விசேஷம். முதல் கட்டம் 1989 வரை நடந்தது. திட்டம் நடந்த ஊர்களில் கடுமையான சத்துக்குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைந்தது என்று உலக வங்கியின் மதிப்பீடு சொல்லிற்று. ஒரு தராசும் ஒரு அட்டையும் செய்த வேலை!

இதே சமயத்தில் ஏலத் தோட்டத்துக்குச் சட்டம் என்ன செய்தது? 1951-ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்தால் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால், அது தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனாவுக்குத்தான். ஏலக்காயின் பெயர் அந்தச் சட்டத்தில் ஏறியது 1981 திருத்தத்தில். முப்பது வருஷம் தாமதம்.

சரி, சுகருக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? அதற்கு இங்கிலாந்து வரை ஒரு நடை போய்வர வேண்டும்.

ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்கிற பகுதியில் 1911 முதல் குழந்தைகளின் எடையைப் பிறந்தபோதும், ஒரு வயதிலும் பேரேட்டில் குறித்துவைத்தார்கள். பல வருஷம் கழித்து டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் அந்தப் பேரேடுகளைப் புரட்டினார். 1911-க்கும் 1930-க்கும் இடையே பிறந்த 5,654 ஆண்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று தேடினார். 1989-ல் முடிவை வெளியிட்டார். ஒரு வயதில் எட்டு கிலோ அளவே இருந்தவர்கள் மாரடைப்பில் இறந்த விகிதம், பன்னிரண்டு கிலோ இருந்தவர்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்!

'வெள்ளைக்காரன் கதை நமக்கெதுக்கு' என்கிறீர்களா? மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறப்பு எடைகளைக் குறித்துவைத்திருந்தார்கள். அங்கே பிறந்து நடுவயதைத் தாண்டியவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். 1996-ல் முடிவு வந்தது. இரண்டரைக் கிலோவும் அதற்குக் குறைவாகவும் பிறந்தவர்களில் 11 சதவிகிதம் பேருக்கு இதய நோய். நல்ல எடையோடு பிறந்தவர்களில் 3 சதவிகிதம்.

காரணம் என்ன? சோறு பற்றாத வீட்டில் கெட்டிக்கார அம்மா சிக்கனம் பிடிப்பதுபோலத்தான் உடம்பும். கிடைக்கிற கொஞ்சத்தை முதலில் மூளைக்குக் கொடுக்கும். சதைக்கும், கணையத்துக்கும், சிறுநீரகத்துக்கும் வெட்டு விழும். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அதிகமாக வாங்கிக்கொள்வது சதைதான். இன்சுலின் சுரப்பது கணையம். இரண்டுமே சின்னதாக வளர்ந்த உடம்பில், பின்னாளில் சோறு தாராளமாகக் கிடைத்தால்? வயிற்றில் கொழுப்பாகச் சேரும். சுகர், பிரஷர் எல்லாம் வரிசையாக வாசலில் வந்து நிற்கும். எடை குறைந்து பிறந்த எல்லோருக்கும் இது வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. வாய்ப்பு கூடுகிறது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் சோறு தாராளமானதும் நம் கண்ணெதிரே நடந்த சரித்திரம்தான். ரேஷன் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய். 2011-ல் இலவசம். பட்டினி ஒழிந்தது; அதைக் குறை சொல்கிறவன் பசி அறியாதவன். ஆனால், தட்டில் சோறு ஏறிய அளவுக்குப் பருப்பும் முட்டையும் கீரையும் ஏறவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய்!

1980-ல் கொட்டாம்பட்டித் தராசில் உட்கார்ந்த குழந்தைகளுக்கு இன்று ஐம்பது நெருங்குகிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டு வாசலுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல காரியம். 2022-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் நல்ல காரியம். ஆனால், ஒன்று வந்துவிட்ட நோய்க்கு. இன்னொன்று பள்ளிக்கு வந்துவிட்ட பிள்ளைக்கு. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையிலான பிள்ளைக்கு அங்கன்வாடித் தராசுதான் கதி. அது மாதாமாதம் ஒழுங்காக ஆடுகிறதா, அட்டையில் புள்ளி விழுகிறதா, கோடு படுத்தால் யாராவது அந்த வீட்டுக்குப் போகிறார்களா? ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோடு, தண்ணீர் கேட்கிறோம். இதையும் கேளுங்கள்.

உங்கள் வீட்டிலும், வேலைக்கு வரும் பெண்மணியின் வீட்டிலும் கைக்குழந்தை இருந்தால் அந்த அட்டையை ஒரு தரம் வாங்கிப் பாருங்கள். கோடு படுத்திருந்தால், அடுத்த மாதம் பார்த்துக்கலாம் என்று விடாதீர்கள். ஒரு வயசுப் பிள்ளைக்கு ஒரு மாதம் என்பது ரொம்ப நீளம்.