சுந்தரர் கண்வேண்டிய பதிகங்கள்: இரப்பும் வழக்கும்

சங்கிலியாரைப் பிரியேன் என மகிழின்கீழ் உரைத்த சூளை மீறித் திருவொற்றியூர் எல்லையைக் கடந்ததும் சுந்தரர் இருகண்ணும் இழந்தார் என்பது 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் தரும் வரலாறு. வழிநடந்த அவருக்கு வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் கிட்டின.

இவ்வழியிற் பாடப்பெற்ற பதிகங்கள் ஒரு தன்மையன அல்ல. ஒற்றியூர்ப் பதிகத்தில் அவர் தம் பிழையை ஒப்புகின்றார். அஃது இறைவன் அடிக்கு இழைத்த பிழையன்று என்று மட்டும் வரையறுக்கின்றார். ஊன்றுகோலேனும் வேண்டி இரக்கின்றார். ஆரூர்ப் பதிகத்திலோ தாம் குற்றமே செய்யவில்லை, பழி இறைவனையே சேர்ந்தது என்கின்றார். எஞ்சிய கண்ணைத் தராவிடின் இறைவரே இனிது வாழட்டும் என்று இகழ்ச்சி தோன்ற வாழ்த்தவும் துணிகின்றார்.

இம்மாற்றத்தைத் தோழமை நெறியின் உரிமை எனக் கூறி அமைதல் மரபு. அவ்விளக்கம் போதாது. ஆரூர்ப் பதிகத்தின் சொற்கள் நட்புக்குரியன அல்ல, ஆள்விற்பனைக்குரியன. தம்மை விற்கவும் இறைவனுக்கு உரிமையுண்டு, ஆயின் தாம் அடகுப்பொருள் அல்லர் என்பது அவர் வாதம். ஒற்றி என்னும் ஊர்ப்பெயரும் ஆண்டு உள்ளுற ஒலிக்கின்றது போலும்.

வெண்ணெய்நல்லூரில் ஆளோலை காட்டி அவரை அடிமைகொண்டவர் இறைவரே என்பர் சேக்கிழார். அவைமுன் தம்மை ஆட்கொண்டதையும், தாம் வன்மை பேசியதால் வன்தொண்டன் என்னும் பெயர் பெற்றதையும் நாவலூர்ப் பதிகத்திற் சுந்தரரே சுட்டுகின்றார். அவ்வழக்கில் தோற்றவர், அத்தீர்ப்பையே ஆரூரில் தமக்குச் சான்றாக்குகின்றார்: ஆளை உடையவர் ஆளின் இடரைக் களையக் கடவர். தம் அடிமை மாறாதது என நிறுவிக்கொண்டே அப்பதிகம் தொடங்குகின்றது.