சம்ரர் கோட்டையும் குஸ்ராவஸ் ஃபொக்சும்

1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியபோது, அங்கிருந்த ஆங்கிலேயப் படை கடல்வழியாக யாழ்ப்பாணத்திற்குத் தப்பிச் சென்றது. கரை பகைவர் கையிலாயின் கோட்டைக்குக் கடலே உயிர். 1861இல் அமெரிக்காவின் சாள்ஸ்ரன் துறைமுகத்துச் சம்ரர் கோட்டைக்கும் அந்நிலையே நேர்ந்தது. அதற்கு உணவு கொண்டுசெல்லத் திட்டம் வகுத்தவர், முன்னாள் கடற்படை அலுவலரான குஸ்ராவஸ் ஃபொக்ஸ் (1821–1883).

ஏப்பிரல் 12இல் அவர் துறைமுக வாயிலை அடைந்தபோது, பிரிந்துசென்ற தென்மாநிலத்தாரின் குண்டுகள் கோட்டைமீது பொழிந்துகொண்டிருந்தன. அவர் நம்பியிருந்த பவ்ஹற்றன் என்னும் போர்க்கப்பல் வரவில்லை. சனாதிபதி லிங்கன் கைச்சாத்திட்ட வேறோர் ஆணைப்படி அது புளோரிடாவுக்குச் சென்றிருந்தது. சரணடைந்த படையினரை ஏற்றித் திரும்புவதே ஃபொக்சின் பணியாயிற்று. மே 1இல் அவருக்கு எழுதிய கடிதத்தில், அக்கப்பல் கிடையாமற் போனதற்குத் தாமும் ஓரளவு பொறுப்பென லிங்கன் ஒப்புக்கொண்டார். ஆட்சித் தலைவர் ஒருவர் இவ்வாறு எழுதுதல் அரிது. ஆகஸ்டில் ஃபொக்ஸ் கடற்படைத் துணைச் செயலாளரானார். லிங்கனின் நம்பிக்கைக்குரிய நண்பராகவும் விளங்கினார்.

இரும்புக் கவசக் கப்பல்கள்மீது அவர் கொண்ட பற்று அளவு கடந்தது. அவற்றைக்கொண்டு சாள்ஸ்ரனைத் தாக்குமாறு அவரும் செயலாளர் வெல்சும் தளபதி டியூபொன்னை வற்புறுத்தினர். டியூபொன்னுக்கோ அதில் நம்பிக்கையில்லை. 1863 ஏப்பிரல் 7இல் ஒன்பது கவசக் கப்பல்கள் சென்றன. கோட்டைப் பீரங்கிகள் அவற்றைத் திருப்பியடித்தன. ஒன்று மறுநாள் மூழ்கிற்று. பழி டியூபொன்மேலேயே விழுந்தது. சில திங்களில் அவர் பதவியிழந்தார். லிங்கன் தமக்குச் செய்ததை ஃபொக்ஸ் அவருக்குச் செய்தாரில்லை. 1865 யூனில் டியூபொன் காலமானார்.